உப்புநீரில் எரியாத பல்பு: ஆறாம் வகுப்புச் சோதனைக்கு யோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிதிற் கடத்திகளையும் அரிதிற் கடத்திகளையும் செய்துகாட்ட, 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, ஒரு டார்ச் பல்பு, சில ஒயர் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு மின்சுற்று ஒன்றை அமைத்திருக்கிறேன். சாவி, நாணயம், ரப்பர், பிளாஸ்டிக் அளவுகோல் வரை சிக்கல் இல்லை. இரு முனையும் சீவிய குட்டைப் பென்சிலின் கரி வழியாகவும் பல்பு மங்கலாக எரிந்ததில் அவர்களுக்குப் பெரும் வியப்பு.

உப்புநீரில்தான் தடுமாற்றம். கம்பி முனைகளில் சிறு குமிழிகள் எழுவதால் மின்னோட்டம் பாய்வது தெரிகிறது. ஆனால் பல்பின் இழையைச் சூடேற்ற அது போதாததால் வெளிச்சம் வருவதில்லை, பிள்ளைகளோ "தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக்கூடிய வயதில் இது ஆபத்தான முடிவு.

ஆகவே, சில மில்லி ஆம்பியரிலேயே ஒளிரும் சிவப்பு எல்.இ.டி.யைப் பொருத்த நினைக்கிறேன். அதற்குச் சுமார் 2 வோல்ட் தேவை என்பதால், இப்போதுள்ள 3 வோல்ட்டே போதுமா, அல்லது 9 வோல்ட் பேட்டரியுடன் மின்தடையும் சேர்க்க வேண்டுமா என்பதை வகுப்பில் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். உப்புநீரில் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் சிறிதளவு குளோரின் வாயுவும் வெளிவரும் என்பதால், சில நொடிகளில் முடியும் ஏற்பாடாக இருந்தால் நல்லது. வீட்டு மின்இணைப்பைப் பயன்படுத்தும் யோசனைகள் மட்டும் வேண்டாம்.