மறு: ‘ஒலிச்சேர்க்கை’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளி இரவு 8 மணிக்குள்)

பாளையங்கோட்டை | புதன், இரவு 9.10

அன்புள்ள குழுவினருக்கு,

சனிக்கிழமை காலை பாளையில் பிள்ளைகளுக்குக் கணினி இசை வகுப்பு. 22 பேர். பாதிப்பேர் கொடைக்குக் கீபோர்டு வாசிக்கப் போகிறவர்கள், மீதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறவர்கள். பழைய அனலாக் சிந்தசைசர்களின் (மின்சுற்றால் இசைச் சத்தத்தை உண்டாக்கும் கருவிகளின்) சத்தத்தைக் கணினியில் எழுப்பும் மென்பொருள்களைப் பற்றி 12 பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். சிந்தசைசருக்கு ‘ஒலிச்சேர்க்கைக் கருவி’ என்று எழுதியிருந்தேன். டைப் அடித்த இடத்தில் அது ‘ஒளிச்சேர்க்கைக் கருவி’ ஆகிவிட்டது. ஒரு பையன் எழுந்து, “சார், இதை வெயில்ல வைக்கணுமா?” என்று கேட்டான். அதற்கப்புறம் வகுப்பு எங்கே நடக்க?

மூன்று சொல் வேண்டும்: சிந்தசைசர், அனலாக், அனலாக்கைப் போலச் செய்கிற மென்பொருள். வெள்ளி இரவு 8 மணிக்கு அச்சுக்குப் போகிறது. தயவுசெய்து ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற நன்னூல் 462ஆம் சூத்திரத்தை யாரும் அனுப்ப வேண்டாம். எனக்கு மனப்பாடம்.

கல்லிடைக்குறிச்சி | புதன், இரவு 11.35

தம்பிக்கு,

இதற்கு வெளியே தேடுவானேன்? ‘பண்ணு’ என்ற வினைக்குள்ளேயே ‘பண்’ உட்கார்ந்திருக்கிறது. பண்ணப்படுவது பண். அதைக் கைக்கொண்டவன் பாணன். கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு வகைத் தொழிலைச் சொல்லும்போது முதலில் நிற்பதே ‘பண்ணல்’. பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு எல்லாம் அதற்குப் பின்னால்தான். தேரைப் பூட்டி நிறுத்துவதும் பண்ணுதல், யானையைப் போருக்கு ஒப்பனை செய்வதும் பண்ணுதல். ஆயத்தப்படுத்துவது என்ற பொருள் அடியில் ஓடுகிறது. ‘பண்ணை’யையும் இதே வேரில் சேர்க்க என்னிடம் சான்று உண்டு, நேரம் கருதி விடுகிறேன்.

ஆகவே: ஒலிப்பண்ணி.

தூத்துக்குடி | வியாழன், காலை 6.50

ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. ‘ஒலிப்பண்ணி’யை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. எங்க தெருவுல திரியுற பன்னி நின்னு திரும்பிப் பார்க்கும்.

ஊர்ல புழங்குற பேரு கீபோர்டுதான். உள்ள இருக்கிறது சாம்பிளா (பதிஞ்சு வச்ச சத்தமா), சிந்தசைசரான்னு எவனும் கேக்கதில்ல. கட்டை இருந்தா கீபோர்டு. சிக்கல் என்னன்னா, மென்பொருளுக்குக் கட்டையே கிடையாதுல்லா? அங்கதான் நானும் முட்டிக்கிட்டு நிக்கேன்.

தென்காசி | வியாழன், காலை 10.20

பள்ளியில் இடைவேளை, வேகமாக எழுதுகிறேன்.

சேர்க்கை, தொகுப்பு, பண்ணல் எதுவுமே உள்ளே நடப்பதைச் சொல்லவில்லை. 1970இல் வந்த மினிமோக் என்ற சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். (குறிப்பில் ‘மினிமூக்’ என்று இருக்கிறது. அதைச் செய்த மனிதர் தம் பெயரை ‘மோக்’ என்றுதான் சொல்லுவார். மூக்குக்கு இங்கே வேலையில்லை.) அதில் மூன்று அலையாக்கிகள் (சத்தத்துக்கு மூலமான மின்னலையை எழுப்பும் சுற்றுகள்). ரம்பப்பல் அலையைத் தெரிந்தெடுத்தால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்கள் எல்லாம் கூடவே வரும். தகரத்தை ஆணியால் கீறினாற்போலக் காதில் விழும். அடுத்து வடிகட்டி. டிரான்சிஸ்டர்களை ஏணிப்படி போல அடுக்கிய சுற்று அது. குமிழால் வைக்கும் அதிர்வெண் எல்லைக்கு (வெட்டெல்லைக்கு) மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் இறக்கிவிடும். குமிழை இடப்பக்கம் திருகத் திருக, மேல் மடங்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் உருண்டையான ஓர் அடித்தொனி மட்டும் மிஞ்சும். நடப்பது கழித்தல். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் மாதிரி. ஒரே கல்லில் வேண்டாததைச் செதுக்கி எடுத்தபின் மிஞ்சியதுதான் பாடுகிறது.

அனலாக்குக்கு ‘ஒப்புமை’ சரியே. ஒரு வோல்ட் ஏறினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும் என்று மோக் கணக்கு வைத்தார். மின்னழுத்தம் சுரத்துக்கு ஒப்பாக நிற்கிறது.

தூத்துக்குடி | வியாழன், காலை 10.31

இசைத்தூண் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். டீச்சர், விளக்கம் பிரமாதம். ஆனா ‘ஒலிக்கழிப்பி’ன்னு மட்டும் வச்சிராதீங்க. பயலுவ வகுப்பு முடியுமுன்ன வழி கேட்டு வெளிய போயிருவானுவ.

டொரன்டோ | வியாழன், மாலை 5.40

வணக்கம். உங்கட வெயில் பிரச்சினை எங்களுக்கு இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்திலை ‘ஒளித்தொகுப்பு’ எண்டுதான் படிச்சனாங்கள். அதாலை ‘ஒலிச்சேர்க்கை’யை நீங்கள் விட்டால் நாங்கள் எடுக்கிறம். ‘ஒலித்தொகுப்பி’ எண்டு மட்டும் மாத்திப் போடாதேங்கோ, பிறகு எங்கட பிள்ளையள் வெயிலுக்கை வைப்பினம்.

மூண்டாவது சொல்லுக்குப் புதுசா ஒண்டும் வேண்டாம். ஒரு கருவியைப் போலவே நடக்கிற மென்பொருளுக்கு (emulator) கணினித் தமிழிலை ‘போன்மி’ இருக்குது. ஒப்புமைப் போன்மி.

தூத்துக்குடி | வியாழன், மாலை 5.58

ஒப்புமைன்னாலும் போல, போன்மின்னாலும் போல. போலவைப் போல! 1995இல ஸ்வீடன்காரன் நார்ட் லீடுங்கிற சிந்தசைசரை இறக்கி ‘வர்ச்சுவல் அனலாக்’னு பேர் வச்சான். அதை ‘மெய்நிகர் ஒப்புமை’ன்னு எழுதிட்டா மொத்தமும் முடிஞ்சுது, மெய்யும் கிடையாது, பொருளும் கிடையாது.

கல்லிடைக்குறிச்சி | வியாழன், இரவு 8.15

‘போன்மி’ வரை வந்துவிட்டு ஏன் வாசலில் நிற்கிறீர்கள்? உள்ளே ‘போலி’ இருக்கிறதே.

இலக்கணத்தில் போலி என்றால் என்ன? ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கும்; பொருள் மாறாது. பந்தல் பந்தர் ஆகும், அறம் அறன் ஆகும். முற்றுப்போலியில் இன்னும் அழகு: ஐந்து அஞ்சு ஆகிறது. பெரும்பாலும் உருமாறிவிட்டது, ஆனால் கடைக்காரர் அஞ்சு ரூபாயையும் ஐந்து ரூபாய் என்றே வாங்கிக் கல்லாவில் போடுகிறார். தம்பியின் குறிப்பு 4ஆம் பக்கத்தைப் படித்தேன். 1978இல் வந்த ப்ராஃபெட்-5 என்ற கருவியை ரெப்ரோ-5 என்ற மென்பொருள் கணினியில் எழுப்புகிறதாம். உள்ளே டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண். ஆனாலும் காதுக்கு அதே பொருள். ப்ராஃபெட் ஐந்து, ரெப்ரோ அஞ்சு. இது முற்றுப்போலி அல்லாமல் வேறென்ன?

தூத்துக்குடி | வியாழன், இரவு 8.40

ஐயா, அசந்துட்டேன். நிசமாவே.

ஆனா மென்பொருள்ல ‘போலி’ன்னா ஒரே அர்த்தந்தான்: கிராக் பண்ணினது. நான் இந்தப் பிள்ளையளுக்கு மாசக்கணக்கா அதைத் தொடாதன்னு சொல்லி, ஓபிஎக்ஸ்டி, சர்ஜ் எக்ஸ்டிங்கிற மென்பொருள் ரெண்டும் சும்மாவே கிடைக்குதுல்லான்னு இறக்கிக் குடுத்திருக்கேன். இப்ப அச்சடிச்ச தாள்ல ‘சிறந்த போலிகள்’னு தலைப்பு வந்தா, அப்பன்மாரு வந்து நம்ம சட்டையைப் பிடிப்பாவ. போதாக்குறைக்கு, ஒலியை ஒளி ஆக்குன அதே கடையில குடுத்தா ‘போளி’ன்னு அடிச்சுத் தருவான். திங்கலாம்.

சங்கரன்கோவில் | வெள்ளி, அதிகாலை 5.05

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வந்தேன். தூக்கம் வரவில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் ‘சிந்த்’ என்றுதான் சொல்லுகிறார்கள். வல்லெழுத்து தமிழில் சொல்லுக்கு ஈறாகாது. ஓர் உகரம் சேர்த்தால் சிந்து. ‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று தொல்காப்பியர் சொன்ன வழி, அதாவது அயலெழுத்தை விட்டுத் தமிழெழுத்தில் எழுதும் வழி, இதற்கும் பொருந்தும். வேற்றுமொழிக்காரனை வேட்டி கட்டவைத்து உள்ளே கூப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

அப்படி உள்ளே வந்தால் அங்கே யார் இருக்கிறார்? எங்கள் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், காவடிச் சிந்தோடு. இசைக்கருவிக்கு இசைப்பா வகையின் பெயர், அதுவும் நம் சீமையின் பெயர். இன்னொன்றும் கவனியுங்கள்: சிந்தடி என்றால் மூன்று சீர். டீச்சர் சொன்ன மினிமோக்கில் அலையாக்கி எத்தனை? மூன்று.

கல்லிடைக்குறிச்சி | வெள்ளி, காலை 6.20

சங்கரன்கோவில் நண்பருக்கு. ப்ராஃபெட்டில் ஒரு குரலுக்கு அலையாக்கி இரண்டு. அதைக் குறளடி என்போமா? திருக்குறள் ப்ளக்-இன் என்று விற்பீர்களா?

வடசொல்லுக்குச் சொன்ன விதியை ஆங்கிலத்துக்கு நீட்ட உமக்கு யார் அனுமதி தந்தது? ‘கோயில் கொடையில் சிந்து நடந்தது’ என்று ஒருவர் எழுதினால் பாடினார்களா, வாசித்தார்களா? 1938இல் இதே நெல்லையிலிருந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொல் தொகுதி வெளியிட்டார்கள். உகரம் சேர்த்துவிட்டால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஒரே ராத்திரியில் வேலை முடிந்திருக்கும்.

சங்கரன்கோவில் | வெள்ளி, காலை 6.41

‘ப்ளக்-இன்’ என்று உகரம் சேர்க்காமலே எழுதியிருக்கிறீர்களே, ஓய்.

தென்காசி | வெள்ளி, காலை 10.25

சண்டை போதும். சுருதிப்பெட்டியைப் பாருங்கள். முதலில் துருத்தி வைத்த மரப்பெட்டி. பிறகு மின்சாரப் பெட்டி வந்தது, துருத்தி போயிற்று. இப்போது என் மகள் போனில் ஆப் வைத்துக்கொண்டு பாடுகிறாள், பெட்டியே போயிற்று. வீட்டில் எல்லாரும் “சுருதிப்பெட்டியைப் போடு” என்றுதான் சொல்லுகிறோம். யாருமே ‘சுருதிப்பெட்டிப் போன்மி’ என்று சொல்லவில்லை. மூன்றாவது சொல் தேவையே இல்லை என்பது என் கட்சி. கருவிக்கு என்ன பெயரோ, மென்பொருளுக்கும் அதே.

பாளையங்கோட்டை | வெள்ளி, பகல் 1.15

டீச்சர், வகுப்பில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசவேண்டியிருக்கிறதே. ‘சிந்தசைசர் சூடானால் சுருதி விலகும், சிந்தசைசர் அப்படி விலகுவதுபோல நடிக்கும்’ என்று எழுதினால் பையன்கள் என்ன செய்வார்கள்?

சொல்லப்போனால் அந்த விலகலுக்கும் ஒரு சொல் வேண்டும். பழைய கருவிகளைப் போட்டுக் கொஞ்ச நேரம் சூடேறவிட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். ப்ராஃபெட்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. ஐந்து குரலும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நிற்பதால்தான் அந்தச் சத்தத்துக்கு ஒரு கனம். டிவா என்ற மென்பொருளில் குரலுக்குக் குரல் இந்த விலகலைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ்களே வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போவதற்குக் குமிழ்!

அம்பாசமுத்திரம் | வெள்ளி, பகல் 2.50

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு மட்டும்.

கணியான் கூத்தில் இரண்டு மகுடம் (தோல் கட்டிய பறை). ஒன்று உச்சம், மற்றது மந்தம். பனி இறங்கினால் தோல் தொய்ந்து சத்தம் விழுந்துவிடும். ஓலையைக் கொளுத்தித் தீயில் காட்டுவார்கள். விரலால் தட்டுவது, காது கொடுப்பது, மறுபடி காட்டுவது. இதைக் ‘காய்ச்சுவது’ என்போம். நடுராத்திரியில் இரண்டாவது தரம் காய்ச்சியபின் வருகிற சத்தத்துக்கு ஒரு முறுக்கு உண்டு. சாயங்காலச் சத்தத்தில் அது இருக்காது. உங்கள் பெட்டி சூடானால் சுருதி ஓடுகிறது, எங்கள் மகுடம் ஆறினால் ஓடுகிறது. எதிர்த்திசை, ஆனால் காரியம் ஒன்று. சூடேற்றுவதற்குக் ‘காய்ச்சல்’ என்று போடலாமா?

தூத்துக்குடி | வெள்ளி, பகல் 3.05

டிவாவுக்குக் காய்ச்சல்! அது நிசம் அண்ணாச்சி. எனக்கு இருக்கிறதிலேயே பிடிச்சது டிவாதான். ஆனா ‘டிவைன்’ங்கிற உச்ச தரத்துல வச்சு மூணு கட்டையை அமுக்கினா என் மடிக்கணினி விசிறி இட்லிக் கொப்பரை மாதிரி இரையுது, நாலாவது கட்டைக்குத் திக்குது. வடிகட்டியோட வெளியீடு அதே நொடித்துளியில தன் உள்ளீட்டுக்கே திரும்புது பாத்தீங்களா, அந்தச் சமன்பாட்டை ஒலியோட ஒவ்வொரு துணுக்குக்கும் அங்கேயே தீர்க்கணும். நொடிக்கு 44,100 தரம், குரலுக்குக் குரல். பாவம், அது என்ன செய்யும்.

கோயில்ல வாசிக்கிற பிள்ளையளுக்கு டால் யுனோங்கிற மென்பொருள் போதும். ஜூனோ-60ங்கிற பழைய சிந்தசைசரோட நகல். கோரஸ் ஒண்ணாம் பொத்தானை அமுக்கிட்டு ரெண்டு கையாலயும் மெதுவாப் பிடிச்சாப் போதும், ஆராதனை முடியுறவரை யாரும் எந்திரிக்க மாட்டாவ.

தென்காசி | வெள்ளி, மாலை 4.30

ஜூனோ-60இல் அலையின் சுருதியை இலக்கமுறைக் கடிகாரம் பிடித்து வைத்திருக்கிறது, அது விலகாது. அப்படியானால் அது முழு ‘ஒப்புமை’யா? கேட்டு வைக்கிறேன்.

தூத்துக்குடி | வெள்ளி, மாலை 4.33

டீச்சர், இப்பவா?

பாளையங்கோட்டை | வெள்ளி, இரவு 7.45

அச்சகத்துக்கு வெளியே நின்று எழுதுகிறேன். இதுதான் கணக்கு: ‘சிந்தசைசர்’ இருந்தபடியே இருக்கட்டும் என்றவர்கள் மூவர் (அதில் ஒருவர் “ஏதோ ஒன்று போடுங்கள்” என்று தனிமடலில் சொன்னவர்). சிந்து ஒன்று. ஒலிப்பண்ணி ஒன்று. டொரன்டோவுக்கு ஒலிச்சேர்க்கை. டீச்சர் எதற்கும் ஓட்டுப் போடவில்லை, ஆனால் எல்லாரையும் திருத்தினார்.

போட்டிருப்பது: சிந்தசைசர், அனலாக், ‘அனலாக்கைப் போலச் செய்யும் மென்பொருள்’. மூன்றாவது கலைச்சொல் இல்லை, வாக்கியம் என்று எனக்கே தெரியும். ‘காய்ச்சுதல்’ உள்ளே வந்துவிட்டது, மகுடத்தோடு. சிந்துவை அடைப்புக்குறிக்குள் ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன்; பையன்களில் ஒருவன் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

கல்லிடைக்குறிச்சி | சனி, காலை 9.50

தம்பி அனுப்பிய கோப்பைப் படித்தேன். என் மாறுபாட்டைப் பதிந்துகொள்க: ‘போலி’யே சரி. ஊர் அந்தச் சொல்லைக் கெடுத்ததற்கு இலக்கணம் பொறுப்பல்ல.

7ஆம் பக்கம் கடைசிப் பத்தியில் இன்னும் ‘ஒளிச்சேர்க்கை’ இருக்கிறது. வகுப்பு தொடங்கிவிட்டதா?