குரோமோசோம் அறிக்கையில் இல்லாதது மரபணுச் சோதனையில் மட்டும் தெரிவது எப்படி?

கேள்வி:
வெள்ளணுக்கள் மிகுந்து, மண்ணீரலும் வீங்கியிருந்ததால், என் சித்தப்பாவுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் இருக்கலாம் என்று சோதித்தார்கள். எலும்பு மஜ்ஜையின் குரோமோசோம் அறிக்கையில் பிலடெல்பியா குரோமோசோம் காணப்படவில்லை என்று உள்ளது. ரத்தத்தில் செய்த மரபணுச் சோதனையோ பிசிஆர், ஏபிஎல்1 என்ற இரு மரபணுக்களின் இணைவு (பிசிஆர்-ஏபிஎல்1) உண்டு என்கிறது. இரண்டில் ஒன்று தவறுதானே?

மறுமொழி 1 (ஆய்வகப் பணியாளர்):
இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: தமிழில் எழுதும்போது பிசிஆர் என்பது மரபணுவின் (BCR) பெயராகவும் சோதனையின் (PCR) பெயராகவும் ஆகிவிடுகிறது, நான் அந்தப் பெயரை மரபணுவுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

1960இல் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் பிலடெல்பியாவில் கண்டது, வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோம். அது 22ஆம் குரோமோசோம்; அதன் துண்டு தொலைந்துபோகவில்லை, 9ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறியிருக்கிறது என்பதை 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி காட்டினார். பதிலுக்கு 9இலிருந்து வரும் ஏபிஎல்1, 22இல் உள்ள பிசிஆரோடு ஒட்டிக்கொள்ள, ஓய்வின்றிச் செயல்பட்டு அணுக்களைப் பெருகத் தூண்டும் டைரோசின் கைனேஸ் நொதி ஒன்று உருவாகிறது. நோயை உண்டாக்குவது இந்த ஒட்டுதான். குட்டையான தோற்றம் அதன் வெளி அடையாளம் மட்டுமே. சிலருக்கு ஏபிஎல்1 அடங்கிய சிறு துண்டு மட்டும் 22க்குள் செருகப்படுவதால் குரோமோசோமின் நீளமோ, சாயமிட்டால் தெரியும் பட்டைகளோ மாறுவதில்லை. சில மில்லியன் டிஎன்ஏ எழுத்துகளுக்கும் (காரங்கள்) குறைவான மாற்றம் நுண்ணோக்கிக்குத் தெரியாது. ஃபிஷ் சோதனையில் இரு மரபணுக்களுக்கும் இட்ட வண்ணப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
அதோடு, இணைவு எந்த வகை என்பதையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். இரு மரபணுக்களும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்பதை வைத்து வகைக்குப் பெயரிடுவார்கள். பெரும்பாலானோருக்கு இ13ஏ2 அல்லது இ14ஏ2 இருக்கும்; இவற்றைத்தான் பன்னாட்டு அளவுகோலில் அளந்து, 0.1 விழுக்காட்டுக்குக் குறைகிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள். இ1ஏ2, இ19ஏ2 போன்ற அரிய வகையாக இருந்தால் வழக்கமான சோதனை அதைப் பிடிக்காமல் போய், அந்த நொதியை அடக்கும் இமாடினிப் மாத்திரையால் நோய் அடங்கிவிட்டது என்ற பொய்த் தோற்றம் தரக்கூடும். குரோமோசோம் அறிக்கையையும் தூக்கியெறிந்துவிடாதீர்கள்: 8ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பது போன்ற மாற்றங்களை அதுதான் காட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அவருடைய பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம். இந்த இடமாற்றம் பிறந்த பிறகு ஒரேயொரு ரத்தக் குருத்தணுவில் நேர்ந்தது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லாததால் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.