பின்னக் கூட்டலைப் பன்முக நுண்ணறிவின்படி கற்பிப்பது எப்படி?

கேள்வி: ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பகுதி எண்கள் வேறுபடும் பின்னங்களின் கூட்டலை அடுத்த வாரம் தொடங்கவிருக்கிறேன். 1/2 + 1/3 என்று எழுதிப் போட்டால், மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மனிதரின் அறிவுத்திறன் ஒன்றல்ல, பல வகைப்பட்டது என்னும் உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை பி.எட். படிப்பில் கற்றேன். அதைப் பின்பற்றி, வினாநிரல் மூலம் மொழித்திறன், இசைத்திறன், உடலியக்கத்திறன் எனக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு செயல்பாடு தரலாமா? ஒரே பிரிவேளையில் அது இயலுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: ஆசிரியர் பயிற்றுநர்

குழு பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கார்ட்னர் 1983இல் ஏழு நுண்ணறிவுகளை முன்வைத்தார். இயற்கைசார் நுண்ணறிவைப் பின்னர் சேர்த்தார். அவை ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பவை என்பதுதான் அவர் சொன்னதே தவிர, ஒரு மாணவனுக்கு ஒரு முத்திரை குத்துவதற்கான பட்டியல் அன்று. தம் கோட்பாட்டைக் 'கற்றல் பாணி' என்னும் கருத்தோடு (பார்த்தல், கேட்டல் என அவரவர்க்குரிய ஒரு வழியில்தான் ஒருவர் நன்றாகக் கற்பார் என்பதோடு) குழப்ப வேண்டாம் என்று அவரே 2013இல் எழுதினார். அந்தப் பாணிக்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2008இல் வெளிவந்த பாஷ்லர் குழுவினரின் ஆய்வுரையும் முடிவு செய்தது. கார்ட்னரின் கோட்பாட்டையே ஏற்காத உளவியலாளரும் பலர் உண்டு. ஒரு திறனில் சிறப்பவர் பிற திறன்களிலும் ஓரளவு சிறப்பதையே தேர்வுகள் காட்டுகின்றன என்பது அவர்களின் வாதம். ஆகவே வினாநிரலுக்குச் செலவிடும் நேரத்தைப் பாடத்துக்கே கொடுங்கள்.

பதில்: நடுநிலைப்பள்ளி ஆசிரியர்

பயிற்றுநர் சொல்வது சரி. ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று வாயில்களைத் திறந்து, வகுப்பு முழுவதையும் எல்லாவற்றின் வழியாகவும் அழைத்துச் செல்வதே என் வழக்கம். முதலில் ஒரே நீளமுள்ள இரு காகிதப் பட்டைகள்: ஒன்றைப் பாதியாகவும் மற்றொன்றை மூன்றாகவும் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இரு பங்குகளின் அளவும் வேறு என்பதால் அவற்றை அப்படியே எண்ணிக் கூட்ட முடியாது என்பது அங்கேயே புலப்படும். இரண்டையும் ஆறு சம பங்குகளாக மடித்த பிறகுதான் மூன்றும் இரண்டும் ஐந்து, அதாவது 5/6, என்று சொல்ல முடியும்.

பிறகு கர்நாடக இசையின் ரூபக தாளத்திலுள்ள ஆறு அட்சரங்களை, அதாவது ஆறு எண்ணிக்கைகளை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை முதல் மூன்று எண்ணிக்கைக்கும் அடுத்த வரிசை அதன்பின் வரும் இரண்டுக்கும் கை தட்ட, ஆறாவது மௌனமாக நிற்கும். அந்த மௌனமே மீதமுள்ள 1/6. சங்கீதம் தெரியாத பிள்ளைகளும் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

பதில்: மேல்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்

தாளம் நன்று, அதில் கணிதம் இருக்கிறது. மீச்சிறு பொது மடங்கு காணும் விதியைச் சினிமா மெட்டில் பாடவைத்துவிட்டு 'இசை நுண்ணறிவு' என்று பாடக்குறிப்பில் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது மனப்பாடத்துக்கு மெட்டுப் போட்டது மட்டுமே. இன்னொன்று: 2/5 எழுதிய மாணவரிடம் தவறு என்று சொல்லாமல், அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு விடை அரையைவிடக் குறையுமா என்று கேட்டு, காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். மொழித்திறனுக்கும் தருக்கத்துக்கும் அதுவே போதிய வேலை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வினாநிரலைக் கைவிடுகிறேன். பட்டைக்கும் தாளத்துக்கும் முதல் பிரிவேளை, எழுத்து வேலைக்கு மறுநாள் என்று திட்டமிட்டிருக்கிறேன். 1/4 + 1/6 கணக்குக்குப் பன்னிரண்டு பங்கு மடிப்பதை மட்டும் கட்டமிட்ட தாளில் வரைந்து செய்யச் சொல்லப்போகிறேன்.