60 லட்சம் பொய்க்கணக்கு என்று சொல்பவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி:
கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் திரும்பத் திரும்ப ஒரு செய்தியைப் போடுகிறார். யூதர்கள் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சொல்வது போருக்குப் பின் ஜோடித்த கணக்காம், நாஜிகள் தரப்பில் ஆவணமே கிடையாதாம். காசாவைப் பார்த்துக் கொதித்துப்போய்த்தான் இதில் இறங்கினார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்தப் பொய்யைச் சும்மா விட மனம் வரவில்லை. எதை எடுத்துக் காட்டுவது?

பதில் 1:
விட்டுவிடுங்கள் நண்பரே. ஃபார்வர்டு ஆட்களிடம் பேசிப் பயனில்லை. குழுவை மியூட்டில் போடுங்கள்.

பதில் 2:
விடாதீர்கள். அவர் மாறாவிட்டாலும், வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் இருக்கிறார்களே.

ஆவணம்தானே கேட்கிறார்? 1943 ஜனவரி 11 அன்று நாஜிகள் பிடித்து வைத்திருந்த போலந்தின் லுப்ளினிலிருந்து, எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் அதிகாரி ஹெர்மன் ஹோஃப்லே பெர்லினுக்கு ஒரு தந்தி அனுப்பினார். பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா, மைதானெக் என்ற நான்கு கொலை முகாம்களுக்கும் தலா ஒற்றை எழுத்து, பக்கத்தில் எண். 1942 கடைசி வரை கொண்டுவரப்பட்டவர்கள் மொத்தம் 12,74,166. பிரிட்டிஷ் உளவுத்துறை அதை அப்போதே இடைமறித்துவிட்டது. ஆனால் அது என்னவென்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டது 2000-இல்தான். ஜோடித்த கணக்கை அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் காட்டாமலா போட்டு வைப்பார்கள்? இதில் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் சேரவில்லை. 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் கீவ் அருகே பாபி யார் என்ற பள்ளத்தாக்கில் சுட்டுக் கொன்ற 33,771 யூதர்களும் சேரவில்லை. அந்த எண்ணும் கொன்றவர்களே அறிக்கையில் எழுதியதுதான்.

எண்ணோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் இருப்பது பெர்லினில். நவம்பர் 9, அதாவது 1938-இல் நாஜிகள் யூதர்களைத் தாக்கிய இரவின் நினைவு நாள் வந்தால் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கொல்லப்பட்டவர்களுக்காக அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல் நடைபாதையில் பதித்த நினைவுக் கற்களைத் துடைப்போம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடு. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கும், அப்புறம் பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துக்கொண்டு போன தேதி, கொன்ற இடம். எங்கள் வாசலில் இருப்பது ஒரு குழந்தையின் கல். பிறந்தது 1938, கொன்றது 1943. பித்தளை கறுத்துப்போயிருக்கும், மண்டியிட்டு அழுத்தித் தேய்த்தால்தான் பெயர் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
தந்தி விஷயம் எனக்குத் தெரியாது, மிக்க நன்றி. 'காசாவைப் பேசினாலே யூத வெறுப்பா?' என்று அடுத்துக் கேட்பார்.

பதில் 2:
தாராளமாகப் பேசட்டும். இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. அந்த அரசு செய்வதற்கு உலகத்து யூதர் எல்லாரையும் குற்றவாளி ஆக்குவதும், செத்தவர்களைப் பொய் என்பதும்தான் வெறுப்பு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியின் ஹாலே நகரம் இருக்கிறது. 2019 அக்டோபர் 9, யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாள். தொழுகைக்கூடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். துப்பாக்கியோடு வந்தவனால் கதவை உடைக்க முடியவில்லை, அதனால் அவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவரைச் சுட்டுக் கொன்றான். கிளம்புமுன் கேமராவைப் பார்த்து அவன் சொன்னதும் இதேதான்: யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று.

தந்தியைக் குழுவில் போடுங்கள். ஹாலே விஷயத்தை மட்டும் அவரிடம் தனியாக, போனில் சொல்லுங்கள்.