அப்பா பேரு செல்வம். ஜப்பான் எழுத்துல எப்படிப் போடறது?

தாக்கோயாக்கி_தம்பி:
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, தாக்கோயாக்கி விக்கிறேன். ஆக்டோபஸ் வச்சுச் சுடுற ஜப்பான் உருண்டை. வேன்ல அப்பா பேரோட அர்த்தத்தை ஜப்பான் எழுத்துல போடணும்னு ஆசை. அப்பா முப்பது வருசம் தோட்டத்துக்குப் பக்கத்துல சாமான் கடை வச்சிருந்தாரு. அவரு சேத்த சொத்து, ஒரு பிஸ்கட் டின் நிறைய 555ன்னு பேரு போட்ட குட்டி நோட்டுப் புத்தகம். எல்லாம் கடன் கணக்கு. பாதிப் பேரு செத்தே போயிட்டாங்க, அவரு இன்னும் தூக்கிப் போடல.

ஸ்டிக்கர் கடையில கைப்பேசியில எதையோ தட்டி, வந்ததை அப்படியே வெட்டி ஒட்டிக் குடுத்துட்டாங்க. போன வாரம் ஜப்பான் மொழி படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்துச்சு. ஆறு உருண்டை வாங்கிட்டு வேனைப் பாத்துச் சிரிச்சுச்சு. "அண்ணே, கனெமொச்சின்னு போட்டிருக்கு. பணக்காரன்னு அர்த்தம்." ஆறு உருண்டை அஞ்சு வெள்ளிக்கு விக்கிறவன் வேன்ல இது தேவையா? சரியான சொல் எது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லயத்து_வீடு:
தம்பி, 1982ல கிழக்கை நோக்குவோம்னு அரசாங்கம் ஆரம்பிச்சதே, அந்தத் திட்டத்துல ஜப்பான்ல நகோயா பக்கம் ரெண்டு வருசம் இருந்து பயிற்சி எடுத்தவன் நான். மொழி பாதி மறந்து போச்சு, ஆனா இது மறக்கல.

கனென்னா காசு, மொச்சின்னா வச்சிருக்கிறவன். கெட்ட சொல் இல்ல. ஆனா அது ஆளைச் சொல்லுது, செல்வத்தைச் சொல்லல. 'தொமி'ன்னு ஒண்ணு இருக்கு, குவிஞ்ச சொத்து. ஃபுஜி மலை பேர்ல முதல் எழுத்து அதுதான். மேல கூரை, கீழ ஒரு கோடு, ஒரு வாய், அதுக்கும் கீழ வயல். சீனத்துலயும் அதே எழுத்துதான், உங்க ஊரு சீனத் தவுக்கே, அதான் கடை முதலாளி, அவருகூட படிச்சிடுவாரு. 'ஹோஃபு'ன்னா சரக்கு ஏராளமா இருக்குன்னு அர்த்தம். கடைக்குப் பொருந்தும், அப்பாவுக்குப் பொருந்தாது.

என்னைக் கேட்டா 'யுத்தக்கா'தான். வளம் நிறைஞ்சதுன்னு அர்த்தம். காசு இல்லாதவனுக்கும் அதைச் சொல்லலாம். மனசு யுத்தக்கான்னு சொல்வாங்க, பச்சைப் பசேல்னு இருக்கிற மலைக்காட்டையும் சொல்வாங்க. அது மட்டுமில்ல, அங்க ஆம்பளைங்களுக்கு வைக்கிற பேரும்கூட. நம்ம செல்வம் மாதிரியேதான், சொல்லும் அதுவே, பேரும் அதுவே. அந்த எழுத்து, காலு வச்ச பாத்திரத்துல படையலைக் குவிச்சு வச்ச மாதிரி ஒரு பழைய உருவத்துலேர்ந்து வந்தது. பொங்கல் பானை பொங்கி நிக்கிறாப்ல நினைச்சுக்குங்க.

இன்னொண்ணு. டொயோட்டா கம்பெனியை ஆரம்பிச்ச குடும்பத்தோட பேரு டொயோடா. அந்தப் பேர்ல முதல் எழுத்தும் இதேதான், அடுத்தது வயல். வேன் என்ன வண்டி? டொயோட்டாவா இருந்தா அப்பா பேரு பாதி ஏற்கெனவே வந்தாச்சு.

செம்பனை_ராணி:
அண்ணே சொல்றது சரிதான். ஆனா தமிழ் எழுத்துல மட்டும் போட்டுடாதீங்க. ஏதோ யுத்தத்துக்குக் கெளம்பின அக்கா கடைன்னு நினைப்பாங்க.

இன்னொரு விசயம், கோவிச்சுக்காதீங்க. எங்க பாட்டி முன்னாடி ஜப்பான் எழுத்தே காட்டக்கூடாது. ஜப்பான்காரன் நம்ம நாட்டைப் பிடிச்சு வச்சிருந்த காலத்துல அவங்க அண்ணன் சயாம் ரயில் பாதை போடப் போனவரு, திரும்பி வரல. தாத்தா அப்ப ஜப்பான்காரன் அடிச்ச, வாழைமரம் போட்ட பண நோட்டை ஒரு கட்டு வச்சிருந்தாரு. 1945ல அடுப்பு பத்தவைக்கத்தான் ஆச்சு. உங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

தாக்கோயாக்கி_தம்பி:
நன்றி அண்ணே, நன்றிக்கா. அப்பாயி இப்ப இல்ல, அதனால அப்பாகிட்டயே கேட்டேன். கைப்பேசியில அந்த எழுத்தைப் பெருசாக்கிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "என்னடா இது, ஸ்டூல் மேல அரிசிப் பொட்டியை வச்ச மாதிரி இருக்கு"ன்னாரு. அர்த்தம் சொன்னதும், "யாருக்கு, எனக்கா?"ன்னு கேட்டுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாரு. வேணாம்னு சொல்லல.

வேன் டொயோட்டா இல்லண்ணே, பழைய நிசான். புது ஸ்டிக்கருக்கு அறுபது வெள்ளியாம். 'பணக்காரனை' உரிக்கத் தனியா இருபதாம்.