தேதி சொல்ல முடியாத சாட்சிகள்

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி, கோலாலம்பூர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் சாட்சி நேரம் வந்தாலே சிலர் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. ‘இந்த வருஷம், இந்தக் கூட்டத்தில் ஆண்டவர் என்னைத் தொட்டார்’ என்று எழுந்து சொல்ல அவர்களிடம் ஒரு நாள் இல்லை, அவ்வளவுதான். நானும் அப்படித்தான். மூன்றாம் தலைமுறை மெதடிஸ்ட் குடும்பம். குழந்தை ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, பாடகர் குழு என்று வளர்ந்தவள். கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விசுவாசத்துக்கும் சாட்சி உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அப்படிப்பட்டவர்கள் இங்கே எழுதுங்கள். லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, யாராக இருந்தாலும் சரி. முதலில் என்னுடையது.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. இந்த நாட்டில் நம் மக்களின் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயலிசிஸ். காரில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காத்திருந்து கூட்டி வருவது என் வேலை. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. அவருக்குப் பிடித்தது ஒவ்வொன்றாக நின்றது.

நான் அற்புதம் கேட்டு ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். போகிற ஜெபக்கூட்டத்தில் எல்லாம் அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். இந்த நிலைக்குப் போன சிறுநீரகம் மறுபடி வேலை செய்யாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகும் விடவில்லை. அப்பாவோ நாற்காலியில் சாய்ந்து, ஊசி குத்திய கையை அசைக்காமல், உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். 121ஆம் சங்கீதமாக இருக்கும் என்று நினைத்தேன், அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு நாள் கேட்டேவிட்டேன். “எனக்குக் கேட்டாச்சும்மா. இப்போ பக்கத்துல இருக்கறவருக்குக் கேக்கறேன்” என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர். அவருக்கு அடுத்து ஒரு சீன அம்மா. யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் இறங்கும், எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் தாதியைக் கூப்பிட்டு விசாரிப்பார். இறந்துவிட்டார் என்று தெரிந்தால், அந்த வீட்டைத் தேடிக் காரை ஓட்டச் சொல்வார்.

இயேசு பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த பகுதியை நான் ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியவள். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, தன்னை விட்டு நீங்க வேண்டும் என்று இயேசு கேட்டார். மூன்று தரம் கேட்டதாக மத்தேயு 26 சொல்கிறது. அவருக்கும் அது நீங்கவில்லை என்பது எனக்கு உறைத்தது டயலிசிஸ் மையத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான். குமாரன் கேட்டே நீங்காத பாத்திரம் என் அப்பாவிடமிருந்து நீங்கவில்லை என்பதால், பிதா எங்களைக் கைவிட்டார் என்று எப்படிச் சொல்வேன்? அதற்கப்புறம் நான் காரில் காத்திருக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த மலாய்க்காரப் பெரியவரின் மகளோடு பேச ஆரம்பித்தேன். அப்பா போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் வந்தவர்களில் அவளும் ஒருத்தி.

மலையடிவாரம், புக்கிட் மெர்தாஜாம்

இயேசுவுக்கே புகழ். அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் என் பாட்டி நினைவுதான் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர், தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஜூலை 26, மரியாளின் தாய் புனித அன்னாளின் திருவிழா என்றால் அந்தக் காலத்தில் லோரி பிடித்து மொத்தத் தோட்டமும் கிளம்பும். இங்குள்ள அவருடைய ஆலயம் 2019இல் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. பாட்டிக்கு அது எப்போதும் ‘அன்னம்மாள் கோயில்’தான்.

சின்ன வயதில் எனக்குத் திருவிழா என்றால் மெழுகுவர்த்திப் பவனி, கச்சாங் பூத்தே என்ற கடலைப் பொட்டலம், ஊற்றுத் தண்ணீர் பிடிக்க பாட்டி கொண்டுவரும் பழைய பாட்டில்கள். வேறு ஒன்றும் தெரியாது.

கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் வருடங்கள் போனபோதுதான் மறுபடி தனியாக மலைக்குப் போனேன். அன்னாளும் சுவக்கினும் வயதான பிறகு மரியாளைப் பெற்றார்கள் என்ற கதையைச் சொல்லி எல்லாரும் நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எங்கள் பங்கில் மறைக்கல்வி நடத்தும் ஒரு சிஸ்டரிடம் அந்தக் கதை எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். விவிலியத்தில் இல்லை, 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலிலிருந்து வருகிறது என்று மறைக்காமல் சொன்னார். எனக்குக் காலடியில் தரை நழுவியது போல இருந்தது. அப்படியானால் பாட்டி யாரிடம் வேண்டினாள்?

அந்த வருடமும் போனேன். பவனியில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பெண், பின்னால் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு நம்ம ஊர்ப் பெண். இரண்டு பேரும் என்ன கேட்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் என்னையும் மறந்து அவர்கள் இருவருக்காகவும் வேண்டினேன். கடவுள் வெறுங்கையோடு நிற்கிறவர்களின் பக்கம் என்று திருப்பலியில் எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். அன்றுதான் நம்பினேன். அன்னாளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்பது பாட்டிக்கு ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது. மரியாளுக்கு ஒரு தாய் இருந்தாள், அவளுக்கு ஏங்கத் தெரியும், அது போதும் பாட்டிக்கு.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இப்போது திருவிழா நாட்களில் நானும் கணவரும் தொண்டர்களாகப் போகிறோம். அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஏறக்குறைய ஒரு வருடம் வகுப்புக்குப் போய், ஒவ்வொரு படிநிலைச் சடங்காகக் கடந்து, ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்றார். திருச்சபையே அவரை அவசரப்படுத்தவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

நெல்லைத் தம்பி, கோலாலம்பூர்

அக்கா, நான் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. எங்கள் ஊரில் ஆலய மணி, அசன விருந்து, கிறிஸ்துமஸ் பஜனை என்று எல்லாமே ஊரோடு சேர்ந்து வரும். விசுவாசம் என்பதைத் தனியாக யோசித்ததே இல்லை. இங்கே ஞாயிறுதான் கடையில் கூட்டம், ஆராதனைக்குப் போக முடியாது. விடுமுறை கிடைக்கிற வாரநாளில் ஆலயத்துக்குப் போவேன். காவலுக்கு இருக்கும் ஐயா கதவைத் திறந்துவிடுவார், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அறையில் என்னோடு தங்கியிருப்பவர் ராமநாதபுரத்து பாய். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்துவிடுவார். அவரைப் பார்த்துத்தான் நானும் அந்த நேரத்தில் எழுந்து வேதம் வாசிக்கப் பழகினேன். ரோமர் நிருபம் வாசிக்கிறேன். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. இதை எல்லாம் சாட்சி என்று சொல்லலாமா, தெரியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

தம்பி, தாராளமாகச் சொல்லலாம். மாற்கு 8இல் பெத்சாயிதா குருடனை வாசித்துப் பாருங்கள். இயேசு அவன்மேல் கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனுஷர் நடக்கிறார்கள், ஆனால் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறான். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடி கண்களின்மேல் கை வைக்கிறார், அப்புறம்தான் தெளிகிறது. இரண்டு படியாக நடந்த சுகமாக்குதல் நான்கு சுவிசேஷங்களிலும் இது ஒன்றுதான். அதற்கு அடுத்த பகுதியிலேயே பேதுரு ‘நீர் கிறிஸ்து’ என்று அறிக்கை செய்கிறார். சிலுவை என்றதும் அதே பேதுரு அவரைத் தடுக்கிறார். பேதுருவுக்கும் அப்போது பாதிதான் தெரிந்தது. மாற்கு இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது காரணமாகத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெதடிஸ்டுகள் நாங்கள் 1738 மே 24ஐப் பெரிதாகக் கொண்டாடுவோம். லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில் எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்ட நாள். ஆனால் 1728இலேயே அவர் குருவாகியிருந்தார். ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய் மனமுடைந்து திரும்பியிருந்தார். அந்த மே மாதத்துக்குப் பிறகும், 1739 ஜனவரியில், தான் கிறிஸ்தவனே அல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார். தேதி உள்ளவர்களுக்கும் அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு நீண்ட காலம் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. சாட்சி நேரத்தில் அந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் பிள்ளைகள் தங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துச் சபையை விட்டே போகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அக்கா, எனக்குத் தேதி உண்டு. கடைவீட்டு மாடியில் நடந்த ஜெபக்கூட்டம், தொழிற்சாலை நண்பன் கூட்டிப் போனான். சில மாதத்தில் போர்ட் டிக்சன் கடலில் ஞானஸ்நானம். ஆனாலும் இங்கே எழுதுகிறேன். பவுல் இயேசுவைச் சந்தித்து மாறியது தமஸ்கு வழியில் ஒரே நாளில்தான், அதற்கப்புறம் அரபியா, மறுபடி தமஸ்கு, மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேம் என்று கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். எனக்கு அந்த அப்புறத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா மாரியம்மன் பக்தை. சின்ன வயதில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தவள். நான் சபைக்குப் போக ஆரம்பித்ததில் அவளுக்கு வருத்தம்தான், அழவும் செய்தாள். ஆனால் ஞாயிறு காலையில் நான் தூங்கிக் கிடந்தால் அவள்தான் எழுப்புவாள். “போறதுன்னு முடிவு பண்ணிட்ட, நேரத்துக்குப் போ” என்பாள். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருப்பாள். அந்தச் சட்டையோடுதான் நான் போய் அம்மாவின் இரட்சிப்புக்காக ஜெபிப்பேன்.

நான் ஒரே மகன். அம்மா நோயில் விழுந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாருடைய மனசிலும் ஒரே கேள்வி, கொள்ளி யார் வைப்பது? என்னிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. அம்மாவே ஒரு நாள் என்னையும் அக்காவையும் கூப்பிட்டுச் சொன்னாள்: “கொள்ளியைப் பேரன் வைக்கட்டும். நீ என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாப் போதும்.” நான் வாய் திறந்து கேட்க முடியாததை அவளே முடித்து வைத்தாள்.

இறந்த அன்று எங்கள் போதகர் காலையிலேயே வந்துவிட்டார். பந்தலில் மாமன்மாரோடு உட்கார்ந்தார். பிரசங்கம் பண்ணவில்லை, ஜெபிக்கட்டுமா என்று கூடக் கேட்கவில்லை. தூக்கும் நேரம் என் பின்னால் வந்து அவரும் தோள் கொடுத்தார். மின்சுடலையில் அக்கா மகன் சடங்கு செய்து முடிக்கும்வரை என் பக்கத்தில் நின்றார். சபைக்குப் போகிற பையன் குடும்பத்தை விட்டுவிடுவான் என்று எப்போதும் சொல்லும் என் பெரிய மாமா, அன்று அவருக்குத் தன் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

தாயையும் தகப்பனையும் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சிலுவையில் தொங்கும்போதும் இயேசு தம் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தது யோவான் 19இல் இருக்கிறது. அம்மாவைத் தோளில் சுமந்த அன்று அந்த வசனங்கள் எனக்குச் சொந்தமாயின. இரட்சிப்புப் பற்றி நான் முன்பு மளமளவென்று பேசுவேன். இப்போது பேச்சு குறைந்திருக்கிறது, ஜெபம் கூடியிருக்கிறது.

போதகரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன், அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “தீர்ப்பு என் கையில் இல்லை தம்பி. உங்க அம்மாவை உங்களைவிட அதிகமா நேசிக்கிறவர் கையில் இருக்கு” என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சில ராத்திரிகளில் வருகிறது. விசுவாசத்துக்கு வெளியே இருந்த தாய் தகப்பனை இழந்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு அது உதவும்.