முப்படிச் சமன்பாட்டுக்கான சூத்திரத்தை வகுப்பில் நடத்தலாமா?

கரும்பலகை:
ப்ளஸ் டூ-வுக்குச் சமன்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கு இது (மாறியை ‘ம’ என்று எழுதுகிறேன்): ம³ = 15ம + 4. மாறிலி 4-இன் காரணிகளைப் போட்டுப் பார்த்தோம், ம = 4 பொருந்தியது. தொகுமுறை வகுத்தலில் ம² + 4ம + 1 வந்தது. மற்ற இரண்டு மூலங்கள் −2 ± √3. ஒரு மாணவி எழுந்து, “போட்டுப் பார்த்து எதுவும் பொருந்தலன்னா என்ன சார் பண்றது? இருபடிக்கு இருக்கிற மாதிரி சூத்திரம் கிடையாதா?” என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். நடத்தலாமா?

மூன்றாம்படி:
அவசியம் நடத்துங்கள் சார். ஒரு பீரியடு போதும். ம³ = பம + த என்று எடுத்துக்கொண்டு, ம-வை க + ச என இரண்டு துண்டாக்குங்கள். (க+ச)³ = 3கச(க+ச) + க³ + ச³. ஆக 3கச = ப, க³ + ச³ = த என்று இருந்தால் வேலை முடிந்தது. க³, ச³ இரண்டின் கூட்டலும் பெருக்கலும் தெரிந்துவிட்டன. மிச்சம் வெறும் இருபடிச் சமன்பாடு. டெல் ஃபெர்ரோவும் டார்டாக்லியாவும் தனித்தனியாகக் கண்டுபிடித்ததை 1545-இல் கார்டானோ அச்சில் கொண்டுவந்தார்.

உங்கள் கணக்கையே எடுங்கள். கச = 5, க³ + ச³ = 4. இருபடியைத் தீர்த்தால் 2 ± √−121, அதாவது 2 ± 11√−1. விடை 4 என்று கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வழியில் குறை எண்ணின் வர்க்கமூலம் நிற்கிறது! 1572-இல் பொம்பெல்லி துணிந்து பெருக்கிப் பார்த்தார்: (2 + √−1)³ = 2 + 11√−1. அப்படியென்றால் க = 2 + √−1, ச = 2 − √−1, கூட்டினால் 4. கலப்பெண்ணை (√−1 கலந்த எண்ணை) ம² + 1 = 0-இல் தொடங்குகிறோமே, அதற்கு அந்தக் காலத்தில் “தீர்வு இல்லை” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். தப்பிக்க முடியாமல் செய்தது முப்படிதான்.

தசமப்புள்ளி:
வரலாறு அருமை, மறுக்கவில்லை. ஆனால் 2 + √−1 என்பது அவருக்கு எப்படிக் கிடைத்தது? சூத்திரம் தரவில்லையே. நேர்வழியில் தேடிப் பாருங்கள். (அ + ஆ√−1)³ = 2 + 11√−1 என்றால் அ² + ஆ² = 5, அ³ − 3அஆ² = 2. ஆ-வை நீக்கினால் 4அ³ − 15அ − 2 = 0. இதில் ம = 2அ என்று போடுங்கள்: ம³ − 15ம − 4 = 0. புறப்பட்ட சமன்பாடே திரும்பி வந்துவிட்டது! 4 என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அந்தக் கனமூலம் கிடைக்கும்.

நியூட்டன் முறையைக் காட்டுங்கள் சார்: ஓர் ஊகத்தில் தொடங்கி, அங்குள்ள மதிப்பை வகைக்கெழுவால் வகுத்து, ஊகத்திலிருந்து கழித்துக்கொண்டே போவது. ம³ − 2ம − 5 = 0, அவரே எடுத்துக்கொண்ட உதாரணம். ம = 2-இல் மதிப்பு −1, வகைக்கெழு 10. அடுத்தது 2.1. அதற்கடுத்தது 2.09457. இன்னும் ஒரு படி போனால் 2.0945515. வகைக்கெழு தெரிந்த பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாம்படி:
சமன்பாடு திரும்பி வருவதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல பிடி. மூன்று மூலமும் மெய்யெண்ணாக இருக்கும்போது வரும் சிக்கல் அது. அங்கே பிரெஞ்சுக் கணிதர் வியெட் வழியில் கொசைன் போட்டுத் தப்பிக்கலாம்.

ஆனால் உங்கள் முறையில் ம³ − 2ம + 2 = 0-வை 0-இலிருந்து தொடங்கிப் பாருங்கள். அடுத்தது 1. அதற்கடுத்தது 0. மறுபடி 1. ஆயுசுக்கும் இதேதான். எத்தனை மெய் மூலங்கள் என்பதையும் அது சொல்லாது. 4ப³, 27த² இரண்டையும் ஒப்பிட்டாலே சூத்திரக்காரனுக்குத் தெரிந்துவிடும். முதலாவது பெரிதென்றால் மூன்று.

தசமப்புள்ளி:
−2-இலிருந்து தொடங்குங்கள், −1.8, பிறகு −1.77 என்று வந்துவிடும். வரைபடம் போடாமல் நியூட்டனைத் தொடக்கூடாது, அதையும் சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும். மூலங்களின் எண்ணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாணவி கேட்ட கேள்வி. இன்று முப்படிக்குச் சூத்திரம் கொடுத்தால் நாளைக்கு நாற்படிக்குக் கேட்பாள். ஃபெராரி கொடுத்தது இருக்கிறது. ஐந்துக்கு? ம⁵ − ம − 1 = 0-வுக்கு 1.1673 அருகே மூலம் இருக்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலக்குறி இவற்றால் அதை எழுதவே முடியாது. ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் இல்லை என்று 1824-இல் ஏபெல் நிறுவினார். எந்தெந்தச் சமன்பாடு தீரும் என்று பிரித்துக் காட்டியது கால்வா, 20 வயதில் இறந்துபோன பையன்.

மூன்றாம்படி:
ஏபெலுக்கு அந்தக் கேள்வியே மூன்றும் நான்கும் தீர்ந்ததால்தானே வந்தது?

கரும்பலகை:
இருவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை ம³ − 2ம − 5-ஐ இரண்டு வழியிலும் போடச் சொல்லப்போகிறேன். சூத்திரத்தில் உள்ளே 25/4 − 8/27, குறை எண் வராது. கடைசியில் இரண்டு கனமூலங்களைத் தசமத்தில் கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும் என்பதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். ஐந்தாம் படிக்கு ஏன் முடியாது என்பதை, ‘குலம்’ (group) என்ற கணிதச் சொல்லே இல்லாமல், மூலங்களை இடம் மாற்றிக் காட்டிப் புரியவைக்க வழி இருக்கிறதா? யாராவது வகுப்பில் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.